பூட்டுப் போட்ட கேரியர்

அந்த டிபன் கேரியர் உங்க கால இடிக்குதுங்களா அம்மிணி? சித்த இருங்க, மடியில எடுத்து வெச்சுக்கறேன். தஞ்சாவூர்ல ஏறினதுல இருந்து நீங்க அதையேதான் பாக்கறீங்க. சோத்துக் கேரியருக்கு ஆராச்சும் பூட்டுப் போடுவாங்களான்னுதானே? கேளுங்க, தப்பில்ல. எல்லாரும் கேப்பாங்க. கேக்கட்டும்னுதான் நான் இதத் தூக்கிட்டுத் திரியறதே. இது என்ற தொழில் சாமானுங்க.

நமக்குத் திருப்பூரு. பேரு நாச்சிமுத்து. நீங்க வேளாங்கண்ணி வரைக்குங்களா? நல்லதுங்க. நான் திருவாரூர்ல எறங்கிக்குவேன்.

கம்பெனிகளுக்கு ஆப் போட்டுக் குடுக்கறதுதான் நம்ம வேல. மெசேஜ் அனுப்பற ஆப்புதான். ஆனா அந்தக் கம்பெனி ஆளுங்க மட்டும் உள்ள பேசிக்குவாங்க, ஃபைல் அனுப்பிக்குவாங்க, மீட்டிங் போட்டுக்குவாங்க. எல்லாமே பூட்டுக்குள்ளார. எங்க ஊரு பனியன் கம்பெனிக்காரங்களுக்கு ஒரு தலவலி உண்டுங்க. இவங்க காலைல சரக்கு வாங்கற பையருக்கு ஒரு வெல சொல்லியிருப்பாங்க. பொழுது சாயறதுக்குள்ள அடுத்த தெருக் கம்பெனிக்காரன் நாலணா கொறச்சுச் சொல்லியிருப்பான். எப்படிப் போச்சு? குரூப்புல போட்ட மெசேஜ் கைமாறி கைமாறிப் போயிருக்கும். அந்த ஓட்டைய அடைக்கறவன்தான் நானு.

என்கிரிப்ஷன்னு ஆரம்பிச்சா மொதலாளிமாரு கொட்டாவி உடுவாங்க. அதுக்குத்தான் இந்தக் கேரியரு. மொதலாளிய ஒரு சீட்டுல என்னமோ எழுதச் சொல்லுவேன். உள்ள போட்டுப் பூட்டுவேன். ஒரு சாவி அவருக்கு, இன்னொரு சாவி மேனேஜருக்கு. அப்பறம் கேரியர ஆபீஸ் பூராச் சுத்த உடுவேன். ஆட்டிப் பாருங்க, மோந்து பாருங்க, உள்ள என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்கம்பேன். எல்லாரும் சிரிப்பாங்க. கடசியா நானே வாங்கிக் கையில வெச்சுக்கிட்டு, 'பூட்டுப் போட்ட என்னாலயும் பாக்க முடியாதுங்க, எனக்குச் சாவி இல்ல'ம்பேன். அங்கதான் ஆர்டர் உழுகும்.

ஆர்டர் குடுத்தவங்களுக்கு ஒரு கிளாஸ் எடுப்பேன். மொதல் பாடம் என்ன தெரியுங்களா? பூட்டு ஒடையாது, வாய்தான் ஒடையும். ஒருத்தர்கிட்ட ஒண்ணச் சொல்லறதுக்கு முந்தி, அவரு அத ஆர்கிட்டச் சொல்லுவாருன்னு ரோசன பண்ணுங்க. ஊட்டுக்காரம்மாகிட்டச் சொல்லாதீங்க, கூடப் பொறந்தவங்ககிட்டச் சொல்லாதீங்க. நெம்ப நல்லாச் சொல்லுவேன் அம்மிணி. கை தட்டுவாங்க.

இன்னிக்கு உள்ள சீட்டு இல்லீங்க. சோறு இருக்குது. புளிச்சோறு, எலுமிச்ச, தேங்கா, அடியில தயிர்சோறு. எங்க பக்கம் இதக் கட்டுச்சோறும்போம். புள்ள மாசமா இருந்தா, பொறந்த ஊட்டுல இருந்து விதவிதமாச் சோறு கட்டிக்கிட்டு, சொந்தபந்தம் ஒட்டுக்காப் போயிக் குடுக்கோணும். எங்க ஊட்டுல இருந்து நான் ஒருத்தன்தான் போறேன். சோறும் மெஸ்ஸுல சொல்லி வாங்கினதுதான். சம்சாரத்துகிட்டக் கேக்க முடியாதே. நான் போறது அவளுக்கே தெரியாது.

என்ற பொண்ணு பேரு மேகலா. ஒத்தப் புள்ள. பாத்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க.

இருங்க, போன் அடிக்குது. எங்கண்ணன். அடிக்கட்டும். அப்பறம் பேசிக்கலாம்.

மேகலா சாயப்பட்டறை லேப்ல வேல பாத்தா. துணிச்சாயம் சரியா வந்துருக்கான்னு பாக்கற வேல. அதே லேப்ல எழில்னு ஒரு பையன். நம்ம ஆளுங்க இல்ல. வேற ஒரு கொறையும் அவன்மேல ஆரும் சொன்னதில்லீங்க. நல்லாப் பாடுவான்னு மேகலா எழுதியிருந்தா. எனக்கில்ல, அவளோட சிநேகிதிக்கு. நான் படிச்சேன்.

அப்படிப் பாக்காதீங்க அம்மிணி. பொம்பளப் புள்ளைய வெச்சிருக்கறவன் பாத்துக்கத்தானே வேணும். வெளியாளு ஆரும் படிச்சிரக் கூடாதுன்னு நம்ம ஆப்பையேதான் அவ போன்ல போட்டுக் குடுத்தேன். அதுல ஒரு வசதி இருக்குதுங்க. ஒரே கணக்க ரெண்டு எடத்துல ஓட்டலாம். போன்ல ஒரு க்யூஆர் கோடு வரும், அத ஸ்கேன் பண்ணி லேப்டாப்போட இணச்சுக்கலாம். ஆபீஸ்காரங்களுக்காக வெச்ச வசதி. நான் அவ போன என்ற லேப்டாப்போட இணச்சு வெச்சிருந்தேன். உலகத்துல ஆராலயும் படிக்க முடியாது, பெத்த அப்பன் ஒருத்தனத் தவிர. அதுல என்னங்க தப்பு? அப்பன் ஆரோ எவனோவா?

படிச்சப்ப வெசனமா இருந்துச்சு. அண்ணன்கிட்டச் சொன்னேன். சொல்லாம எப்படிங்க? எங்கப்பா போனப்ப நான் பள்ளிக்கூடத்துல சின்ன வகுப்பு. அண்ணன் படிப்ப உட்டுட்டுத் தறிக்குப் போனாரு. மழக்காலத்துல என்னச் சைக்கிள் பின்னால உக்கார வெச்சு, என்ற தலைக்கு மட்டும் சாக்கப் போத்தி ஓட்டிட்டுப் போவாரு. அவரு நனஞ்சுக்கிட்டே ஓட்டுவாரு. அதுக்கப்பறம் நான் ஒரு சட்ட எடுத்தாக்கூட அவருக்கிட்டக் காட்டிட்டுத்தான் போடறது. பொண்ணு பாக்கப் போனப்பவும் அவருதான் மொதல்ல பாத்துச் சொன்னாரு. எங்க குடும்பத்துல அப்படிங்க. அண்ணனுக்குத் தெரியாம ஒரு எலகூட அசையாது.

படிச்சதையெல்லாம் அவருக்கு அனுப்பி உட்டேன். என்ன பேசிக்கறாங்க, எங்க பாத்துக்கறாங்க, அந்தப் பையன் ஷிப்ட்டு எப்ப உடும், எந்த ரோட்டுல வருவான். அண்ணன் நெதானமாக் கேட்டுக்கிட்டாரு. 'நீ ஒண்ணும் பேசாத தம்பி, நான் பாத்துக்கறேன்'னாரு. எனக்குப் பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சு.

அந்த வாரமே அந்தப் பையன நொய்யல் ஆத்துப் பாலத்துக்கிட்ட ஆரோ வழிமறிச்சுக் கம்பியில அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாங்க. உசுரு பொழச்சுது. ஒரு காது கேக்காமப் போச்சு, வலது கை வெரலு மடங்கறதில்ல. பாவம், பாடற பையன். ஆரு செஞ்சாங்கன்னு இன்னிய வரைக்கும் தெரியல. அண்ணனோட பசங்க ரெண்டு பேரும் அன்னிக்கு ஊட்டுலதான் இருந்தாங்க. அண்ணனே சொன்னாரு. அவரு சொன்னா எனக்குப் போதும்.

மேகலா அழவே இல்லீங்க. என்ற முன்னால வந்து நின்னா. 'அந்த ரோட்டுல வருவாருன்னு ஆருக்கும் தெரியாது. நான் ஒரு எடத்துலதான் எழுதியிருந்தேன். எப்படிப்பா வெளிய போச்சு?'ன்னு கேட்டா. எனக்கென்ன சாமி தெரியும்னேன். நெசமாலும் எனக்கு என்னங்க தெரியும்? நான் அண்ணன்கிட்டத்தான சொன்னேன். அண்ணன் வெளியாளா? அவ ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு போனவதான். செருப்பக்கூட மாத்தல. போனையும் ஊட்டுலயே போட்டுட்டு, பாத்ரூம் செருப்போட போயிட்டா. அவ நல்ல செருப்பு இன்னும் வாசல்லதான் கெடக்குது. அத எடுத்து வெக்கறதுக்கு ஆருக்கும் கை வரல.

போன எடம் எதுன்னு கேளுங்க. அங்கதான் என்ற தலையெழுத்து சிரிச்சுது.

கோயமுத்தூர்ல பொம்பளைங்களுக்குன்னு ஒரு அமைப்பு இருக்குது. புருசன்கிட்ட அடி வாங்கினவங்க, கல்யாணம் பண்ணிக்கிட்டு ஊட்டுக்குப் பயந்து வந்தவங்க, இவங்களையெல்லாம் ஊர் ஊராப் பத்தரமா ஒளிச்சு வெப்பாங்க. ஸ்டெல்லா மேடம்னு ஒருத்தங்க பாக்கறாங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி என்னத் தேடி வந்தாங்க. அவங்க குரூப்புல போட்ட அட்ரஸ ஒரு ஊழியரோட ஊட்டுக்காரரு பாத்து வெளிய சொல்லி, ஒரு பொண்ணு இருந்த எடம் தெரிஞ்சு போச்சாம். அந்தப் பொண்ணு என்ன ஆச்சுன்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல. நான் போயி எல்லாருக்கும் ஆப் போட்டுக் குடுத்தேன். இந்தக் கேரியர அவங்க ஆபீஸ்லயும் சுத்த உட்டேன். அங்கிருந்த புள்ளைங்க எல்லாம் ஆட்டிப் பாத்துச் சிரிச்சுதுங்க. நல்ல காரியம் செஞ்ச நெறவோட பஸ் ஏறினேன்.

அந்த அமைப்புதான் என்ற பொண்ணையும் அந்தப் பையனையும் ஒளிச்சு வெச்சிருக்குதுன்னு ஆஸ்பத்திரியில விசாரிச்சப்பத் தெரிஞ்சுது. நான் போட்ட பூட்டுக்குள்ள.

போனேன். போகாம இருப்பனுங்களா? மேடம் உக்கார வெச்சு டீ குடுத்தாங்க. 'ஒரே ஒரு மெசேஜ் அனுப்பிக்கறேன் மேடம், எங்க இருக்கான்னுகூடச் சொல்ல வேண்டாம்'னேன். அவங்க கோவப்படல. 'நீங்க சொல்லிக் குடுத்த மொதல் பாடம்தான் சார்'னாங்க. 'உங்ககிட்டச் சொன்னா, நீங்க ஆர்கிட்டச் சொல்லுவீங்கன்னு நாங்க ரோசன பண்ணோணுமில்ல?' நான் ஆர்கிட்டங்க சொல்லப் போறேன்? எங்கண்ணன்கிட்ட மட்டும்தான்னேன். அவங்க என்ற டம்ளர்ல இன்னுங் கொஞ்சம் டீ ஊத்தினாங்க. நல்ல டீதான். அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க அம்மிணி. பத்துப் பேருக்கு முன்னால நின்னு, என்னாலயும் தொறக்க முடியாதுன்னு பெருமையாச் சொன்ன வாய் இது. அந்த ஆபீஸ் படியில உக்காந்து பொம்பள மாதிரி அழுதேன்.

இதோ மறுபடியும் அண்ணன். எடுக்க மாட்டேனுங்க. எடுத்தாச் சொல்லிப்போடுவேன். பொறந்ததுல இருந்து அவருக்கிட்ட நான் சொன்ன ஒரே பொய் இன்னிக்குக் காலைல சொன்னதுதான். திருச்சியில ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆப் போடப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். ஏன் மறச்சேன்னு எனக்கே வெளங்கல. மொதல்ல நான் ஒருத்தன் பாத்துடலாம், அப்பறம் நல்ல சேதியா அவருக்குச் சொல்லிக்கலாம்னு தோணுச்சு.

நான் எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேக்கறீங்களா? அதுவும் நம்ம வித்ததான். என்ற சம்சாரம் தெய்வானை ஒருநாள் சமயக்கட்டுல சிரிச்சா. வருசம் பூரா சிரிக்காத பொம்பள. போன முந்தானைல சுத்திட்டு மாடிக்குப் போனா. எனக்குப் பொறி தட்டுச்சு. மறுநாள் அவ துணி காயப் போட்டுட்டு வர்றதுக்குள்ள ஃபிரிட்ஜு மேல இருந்த போன எடுத்துப் பாத்தேன். நம்ம ஆப்பு! ஸ்டெல்லா மேடம் எனக்குத் தெரியாம அவளுக்குப் போட்டுக் குடுத்திருக்காங்க. அப்பவே க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணி என்ற போனோட இணச்சுட்டேன். அவளுக்கு இன்னும் தெரியாது.

வாய்ஸ் மெசேஜா வரும். கேட்டதும் ஒரு நாளுல தானா அழிஞ்சு போயிரும், அப்படித்தான் அமைப்புல செட்டிங் வெச்சிருக்காங்க. அதனால நான் அழியறதுக்குள்ள திரும்பத் திரும்பக் கேட்டுக்குவேன். பெருசா ஒண்ணும் இருக்காதுங்க. அரிசிம்பருப்புச் சோத்துக்குச் சீரகம் எப்ப போடறதும்பா. மாத்தர போட்டயான்னு அவங்கம்மாளக் கேப்பா. ஒவ்வொண்ணோட கடசியிலயும், 'அப்பா சாப்ட்டாங்களா?'ம்பா. நானு பக்கத்து ரூம்புல போன காதுல வெச்சுக்கிட்டு, சாப்ட்டேன் கண்ணு, சாப்ட்டேன்னு சொல்லிட்டிருப்பேன். ஆருக்குங்க கேக்கும்?

ஒருநாள் ஏழாம் மாசம்னா. என்ற பேரப்புள்ளைய நான் ஒட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன் அம்மிணி. தெய்வானை அன்னிக்குக் கேசரி பண்ணினா. என்ன விசேசம்னேன். ஒண்ணுமில்ல, ரவ வீணாப் போயிருமேன்னா. நானும் தெரியாத மாதிரித் தின்னேன். ஒரே ஊட்டுல புருசனும் பொண்டாட்டியும் ஒரே சந்தோசத்த ஒருத்தருக்கொருத்தர் மறச்சுக்கிட்டுக் கேசரி தின்னிருக்கோம்.

போன வாரம் பஸ்ஸுக்குள்ள இருந்து பேசியிருக்கா. பின்னால கண்டக்டரு 'திருவாரூர் பஸ் ஸ்டாண்டு எல்லாம் எறங்கு'ன்னு கத்தறாரு. 'நம்ம ஊரு வந்துருச்சும்மா, எறங்கறேன்'னு வெச்சுட்டா. நம்ம ஊராம். திருவாரூர் அவளுக்கு நம்ம ஊரு ஆயிப்போச்சு. ஊடு எதுன்னு தெரியாதுங்க. பஸ் ஸ்டாண்டுல போயி உக்காந்துக்குவேன். என்னிக்காச்சும் வருவாளில்ல.

இருங்க, இருங்க. வந்திருக்குது. இப்பத்தான். மேகலாதான் அனுப்பியிருக்கா. அவங்கம்மாளுக்கு. சித்த இருங்க, காதுல வெச்சுக் கேக்கறேன்.

அம்மிணி... இதக் கேளுங்க. இல்ல, கேக்க வேண்டாம், பஸ்ஸுல எல்லாருக்கும் கேட்டுரும். நானே சொல்றேன். 'அம்மா, அவரும் சரின்னுட்டாரு. அப்பாவ வரச் சொல்லும்மா. அப்பா மட்டும் வரட்டும், பெரியப்பாவுக்குத் தெரிய வேண்டாம். நானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிக்கறேன். அப்பா கையால ஒரு வாய் சோறு வாங்கித் தின்னோணும் போல இருக்குது.'

சோறு வேணும்னுட்டா பாருங்க! நான் கேரியரோட பஸ்ஸுல வர்றேன், அவ அங்க உக்காந்து சோறு வேணுங்கறா. அந்தப் பையனும் சரின்னானாம். மடங்காத கையி, கேக்காத காது, அவன் சரின்னிருக்கான். எனக்கு... சித்த தண்ணி குடுங்க அம்மிணி.

அண்ணன் அடிக்கறாரு. இந்தத் தடவ எடுத்துப் பேசிடறேன். நல்ல நேரத்துல ஏன் முகத்தத் திருப்போணும்? எதையும் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க.

ஏனுங்ணா... பஸ்ஸுல சத்தமுங்ணா, அதான் கேக்கல... ஆமாங்ணா, திருச்சிலதான்... எதுங்ணா?... இல்லீங்ணா, அது வந்து... ஆமாங்ணா, தாண்டிட்டேனுங்ணா... இல்லீங்ணா, உங்ககிட்ட மறைக்கோணும்னு இல்ல... திருவாரூருங்ணா... ஊடு தெரியாதுங்ணா... சரிங்ணா... சாப்ட்டேனுங்ணா... வெச்சர்றேனுங்ணா.

சொல்லிட்டேன் அம்மிணி.

அவரு ஊருன்னு கேட்டாரு, வாய் தானாச் சொல்லிருச்சு. உங்க பக்கத்துலதான உக்காந்திருந்தேன், நீங்களே பாத்தீங்க. அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளுங்க. மேகலா போன பொறவு, இனிமே குடும்பத்துல ஆரும் தொலையக் கூடாதுன்னு அண்ணன் சொன்னாரு. நான்தான் எல்லார் போன்லயும் ஒண்ணு போட்டுக் குடுத்தேன். ஆரு எங்க இருக்காங்கன்னு மேப்புல புள்ளி ஓடும். அத நிறுத்தினா அண்ணனுக்குத் தகவல் போயிரும், அதான் நிறுத்தல. அவருக்கு அதத் தொறக்கக்கூடத் தெரியாதுங்க, கண்ணாடிய மாட்டிக்கிட்டு என்னத்தான் கூப்புடுவாரு. பசங்க தொறந்து காட்டியிருக்கானுங்க. 'திருச்சின்ன, உன்ற புள்ளி தஞ்சாவூரத் தாண்டிப் போகுதே தம்பி'ங்கறாரு.

சிரிச்சாருங்க. கோவிக்கவே இல்ல. என்ற புள்ளி திருச்சியத் தாண்டினப்பவே பசங்க ரெண்டு பேரும் கார்ல கெளம்பிட்டாங்களாம், இப்ப அவங்களும் திருச்சி தாண்டியாச்சாம். நீ எங்க எறங்கறயோ அங்க வந்துருவாங்க, அப்பறம் நீ ஒண்ணும் பேசாத, அவங்க பாத்துக்குவாங்கன்னாரு.

பாசம்தானுங்க. தம்பி தனியாப் போறானேன்னு...

கடசியா ஒண்ணு சொன்னாரு அம்மிணி. அதுதான் எனக்கு வெளங்கல. 'போன தடவ மாதிரி அரகொறையா உட்டுட்டு வர மாட்டாங்க தம்பி, நீ வெசனப்படாத'ன்னாரு.

அதென்னங்க போன தடவ?

பசங்க அன்னிக்கு ஊட்டுலதான் இருந்தாங்க. அண்ணன்தான் சொன்னாரு. அவருதான் சொன்னாரு.

பஸ் ஏங்க நின்னுருச்சு? நீடாமங்கலமா? ரயில்வே கேட்டா? நிக்கட்டும். நல்லா நிக்கட்டும்.

போன எதுக்குக் கேக்கறீங்க? புள்ளைக்கு நானே எழுதத்தானுங்க போறேன். தெய்வானை கணக்குல இருந்து எழுதினா அவளுக்குப் போயிரும். ஆனா எழுதினா, நான் உள்ள உக்காந்து கேட்டுட்டு இருந்தது தெரிஞ்சு போயிரும். வரச் சொல்லியிருக்கா அம்மிணி. அஞ்சு நிமிசந்தான் ஆச்சு வரச் சொல்லி. இத அனுப்பினா இனி ஜென்மத்துக்கும் கூப்புட மாட்டா. அவங்கம்மாகிட்டப் பேசறதக்கூட நிறுத்திருவா. அந்தக் கொரலும் எனக்கு இல்லாமப் போயிரும்.

தெய்வானை எழுதற மாதிரியே எழுதலாமான்னு பாத்தேன். ஆகாதுங்க. உடனே அவங்கம்மாளக் கூப்புடுவா, நான் எழுதலயேம்பா, இவ ஏதோ தப்பா வந்துருச்சும்பா, பேசிப் பேசி நேரம் போயிரும். அப்பன்னு போட்டு எழுதினாத்தான் பயந்து ஓடுவா.

நீங்க பாத்துக்குங்க, எழுத்து சரியா இருக்கான்னு. 'கண்ணு, நான் அப்பா. அம்மா கணக்குல நான் பாத்துட்டு இருந்தேன். பெரியப்பா பசங்க கார்ல வர்றாங்க. ஊர நான்தான் சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் இப்பவே அங்கிருந்து கெளம்புங்க. பஸ் ஸ்டாண்டுக்கு வராத. மேடத்துக்குச் சொல்லு. நான் வரல.'

கடசி வரி வேணுங்களா? வேணும். இல்லாட்டி வந்து நிப்பா.

அனுப்பிட்டேன்.

ரெண்டு டிக்கு உழுந்துருச்சு. பாத்துட்டா. படிச்சுட்டா.

ரயில் வருதுங்க, சத்தம் கேக்குது. நான் எறங்கறேன் அம்மிணி. இதே சீட்டுல உக்காந்திருந்தேன்னு வைங்க, திருவாரூரு வரும். வந்துச்சுன்னா எறங்கிருவேன். பஸ் ஸ்டாண்டுல ஓரமா நின்னு ஒரு தடவ பாத்துக்கலாம்னு தோணிரும். பசங்க வந்து எங்க சித்தப்பான்னு கேட்டாச் சொல்லியும்போடுவேன். என்ற வாய எனக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் போயி எங்க ஊருப் பக்கம் போற பஸ்ஸப் புடிச்சுக்கறேன். அண்ணன்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல. நெம்ப வருத்தப்படுவாரு. நல்லவருதானுங்க. எனக்குச் சாக்குப் போத்திக் கூட்டிட்டுப் போனவரு.

இந்தப் போன நான் எடுத்துட்டுப் போகல. சீட்டு இடுக்குல சொருகி வெக்கறேன், புள்ளி வேளாங்கண்ணி வரைக்கும் ஓடட்டும். பசங்க அது பின்னாலயே போவாங்க. நீங்க இதத் தொட வேண்டாம், பாத்த மாதிரியும் காட்டிக்க வேண்டாம். கடசி ஸ்டாப்புல கண்டக்டர் எடுத்துக்குவாரு. நீங்க முன்னால ஒரு சீட்டு மாறி உக்காந்துக்குங்க.

கேரியர நீங்க வெச்சுக்குங்க. இந்தாங்க சாவி. இன்னொரு சாவி அவளுக்குன்னு பையில வெச்சிருக்கேன், அது எங்கிட்டயே இருக்கட்டும். தயிர்சோத்த மொதல்ல சாப்புட்டுருங்க, வெயிலுக்குத் தாங்காது. வேண்டாம்னு சொல்லாதீங்க அம்மிணி. புள்ளைக்குன்னு கட்டின சோறு, கீழ கொட்டக் கூடாது.

அய்யோ, பாருங்க. மேல 'எழுதுகிறார்'னு வருது. எழுதிட்டிருக்கா. என்ன எழுதறா... நிறுத்திட்டா. மறுபடியும் எழுதறா.

கேட்டத் தொறக்கறாங்க. வண்டி எடுத்துருவாங்க.

சொருகிட்டேன். வழி உடுங்க, எறங்கறேன். அம்மிணி, சத்தம் வந்துச்சுன்னா எடுத்துப் படிக்காதீங்க. அது அவங்கம்மாளுக்கு எழுதறது. ஒரு நாளுல தானா அழிஞ்சிரும்.